ராஜகுமாரிக்கு ஒரு தட்டுப் பழம்

விழுப்புரத்திலிருந்து பாகூர் போய் வருவது பெரிய யாத்திரை ஒன்றுமில்லை. காலையில் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். இருந்தாலும் எழுதுகிறேன். பாகூர் ஏரிக்கரையில் ஒரு சுவீடன் தேசத்து ராஜகுமாரி குடியிருக்கிறார், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்ற செய்தி எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மண்டிக்கு மிளகாய் வாங்க வருகிறவர்கள் விலையைக் கேட்பதை விட்டுவிட்டு, எந்த வண்டி, எவ்வளவு செலவு, ராஜகுமாரி பார்க்க எப்படி இருப்பார் என்று என்னைத் துளைத்தெடுக்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. போக நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்; என் வியாபாரத்தையும் கொஞ்சம் நடக்க விடுங்கள்.

நான் போனது வேடிக்கை பார்க்க அல்ல. எனக்கு ஒரே மகள், ரஞ்சிதம், வயது பதினெட்டு. போன ஐப்பசியில் என் நெல் மில்லில் எண்ணெய் எஞ்சின் நின்றுபோனது. அதைச் சரிபார்க்க ஏழுமலை என்று ஒருவன் வந்தான். எங்கள் ஜனம்தான், தூரத்து உறவுகூட வரும். ஆனால் தாய் தகப்பன் இல்லை, கடை இல்லை, காணி நிலம் இல்லை. இருப்பது இரண்டு கையும் அதில் எதற்கும் போகாத எண்ணெய்க் கறையும்தான். சில நாளில் எஞ்சின் ஓடத் தொடங்கியது, அவனும் போய்விட்டான். கார்த்திகையில் ரஞ்சிதம் என் எதிரே வந்து நின்று, கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்றாள்.

நான் குதித்தேன். மூன்று தலைமுறையாக மண்டி நடத்துகிற குடும்பம் எஞ்சின் துடைக்கிறவனுக்குப் பெண் கொடுப்பதா என்று கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை.

"ஏம்பா, அவரு வேலை பாக்கிற தொரையோட சம்சாரம் ஒரு ராஜா பொண்ணாம். அரமனைய விட்டுட்டு வந்து, கிணறு தோண்டுறவரக் கட்டிக்கினாங்களாம். அவுங்களே கட்டிக்கினாங்க. நாம இன்னா ராஜாவா?" என்றாள்.

தபால் மாஸ்டரிடம் போய் விசாரித்தேன். சுவீடன் என்று ஒரு தேசம் உண்டாம், ருஷ்யாவுக்குப் பக்கத்தில், வருஷத்தில் பாதி நாள் இருட்டாம். அந்த ராஜ வம்சத்தில் பிறந்தவர்கள் சாமானிய மனிதரைக் கட்டிக்கொண்டால் பட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்களாம். கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. பட்டம் போன ராஜகுமாரி பாகூர் வெயிலில் என்ன பாடு படுகிறாள் என்பதை என் மகள் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று முடிவு செய்தேன்.

"வா, நேர்லயே போயி கேப்போம். ஏன்தான் கட்டிக்கிட்டேனோன்னு அந்தம்மா வாயால ஒரு வார்த்தை வந்தா, இந்தப் பேச்ச இதோட விட்டுடணும்" என்றேன்.

"வரலைன்னா?"

"யோசிக்கிறேன்."

யோசிக்கிறேன் என்றுதான் சொன்னேன். சம்மதம் என்று சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்கள் நன்றாகக் கவனிக்கவும்.

ராஜகுமாரியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. ஒரு தட்டுப் பழம் எடுத்து வை என்று என் மனைவியிடம் சொன்னேன். இந்த விவகாரம் நடந்த இரண்டு மாதமும் அவள் இந்தப் பக்கமும் பேசவில்லை, அந்தப் பக்கமும் பேசவில்லை. கூடையில் எல்லாவற்றையும் அடுக்கி, ஈரத்துண்டால் மூடிக் கட்டிக் கொடுத்தாள். "அங்க போயி பிரிங்க. நடுவுல காத்துப் பட்டா வாடிடும்" என்றாள். இருபது வருஷமாக அவள் கட்டிக் கொடுத்த எந்த மூட்டையையும் நான் பிரித்துச் சோதித்ததில்லை. அன்றைக்கும் சோதிக்கவில்லை. ரஞ்சிதத்துக்கு அரக்குப் பட்டு கட்டிவிட்டிருந்தாள். ராஜ தரிசனம் ஆயிற்றே, கட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை மாதம், பொங்கல் கழிந்த வாரம். காலை ஏழரை மணிக்கு விழுப்புரத்தில் புதுச்சேரி வண்டி ஏறினோம். மூன்றாம் வகுப்பு, வில்லியனூருக்கு ஆளுக்கு ஐந்தரை அணா. பதினெட்டு மைல் தூரம்தான். ஆனால் வளவனூரில் தயிர்க்காரிகள் ஏறுவார்கள், சின்னபாபுசமுத்திரத்தில் எல்லைச் சோதனைக்காக வண்டி நிற்கும், எப்படியும் ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள். காலை வெயில் சுளீரென்று அடிக்காவிட்டாலும் கரித்தூள் முழுக்க அந்தப் பக்கம்தான் வருகிறது. வெள்ளை வேட்டியோடு ஏறினவன் புள்ளி போட்ட வேட்டியோடு இறங்கினேன்.

வில்லியனூர் ஸ்டேஷனில் பிரெஞ்சு சர்க்காரின் சிவப்புத் தொப்பிச் சிப்பாய் ஒருவன் நின்றான். கூடையில் என்ன என்று கேட்டுத் துண்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். உடனே மூடிவிட்டு, ரஞ்சிதத்தை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்து, "நல்ல காரியமாப் போறீங்க, போய்ட்டு வாங்க சாமி" என்று சலாம் வைத்தான். பழத்துக்கே சலாம் வைக்கிறானே, பிரெஞ்சு ராஜ்யத்தில் மரியாதை அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தைத் தெருவில் இட்லி சாப்பிட்டோம். இட்லி பஞ்சு, சட்னி வெறும் தண்ணீர். பெரிய கோயிலுக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டி பேசினேன். பாகூர் அங்கிருந்து ஏறக்குறைய பத்து மைல். குதிரை வண்டிக்காரர்கள் போக வர இரண்டரை ரூபாய் என்று வாய் கூசாமல் கேட்பார்கள். ஒன்றே முக்காலுக்கு மேல் கொடுக்காதீர்கள். நான் பிடித்த வண்டிக்காரன் பெயர் குப்புசாமி. குதிரைக்கு இருந்த பொறுமையில் பாதிகூட அவன் வாய்க்குக் கிடையாது.

ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்குத்தான் இருந்தது, வண்டியோடே இறங்கிக் கடந்தோம். மங்கலம் தாண்டி, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகிறது பாதை. இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. அந்தப் பக்கத்தில் பிரெஞ்சு எல்லையும் பிரிட்டிஷ் எல்லையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு கிடக்கின்றன; எந்த ஊர் எவனுடையது என்று சொல்ல முடியாது.

"அதோ அந்தப் புளியமரம் இங்கிலீஷ்காரன்து, அதுக்கு அடுத்தது பிரான்சுக்காரன்து. காக்கா மட்டும்தான் சுங்கம் கட்டாமப் போவுது" என்றான் குப்புசாமி.

மதாம் வீடு தெரியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கத்து ஜனங்கள் ராஜகுமாரியை மதாம் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"மதாம் வூடு தெரியாமலா? கொழாய்க் கிணத்து தொரை வூடு. முந்தா வருசம் எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு வந்து, பந்தியில குந்தி, கையாலயே சாப்ட்டுட்டுப் போச்சு. எந்த வூட்டுல விசேசம்னாலும் மதாம் வந்துடும். சடங்கு ஒவ்வொண்ணும் இன்னாத்துக்குன்னு கேட்டுக் கேட்டு ஐயர் உசிர வாங்கிடும்."

நான் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த அம்மாளின் கணவர், பூமிக்குள் வெகு ஆழத்துக்குக் குழாய் இறக்கி, தண்ணீரைத் தானாகவே மேலே பொங்க வைக்கிற வேலை தெரிந்தவர். பாகூர்ப் பக்கத்துக் கரும்புக்காரர்கள் அவரை வரவழைத்து ஆறு வருஷம் ஆகிறது. ஏழுமலை அவரிடம்தான் வேலை செய்கிறான், அவர்கள் வீட்டிலேயே சாப்பிடுகிறான்.

பதினொன்றரை மணிக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். ஏரிக்கரையை ஒட்டிய ஓட்டு வீடு. அரண்மனை வாசல் எப்படி இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கே வாசலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள், நாற்பது வயதிருக்கும், முழங்கை வரை சுருட்டிய ஆம்பிளைச் சட்டையோடு குந்தி உட்கார்ந்து, மீன்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, நேத்து விரால எங்கிட்டத் தள்றியா? செவுளப் பாரு, செவப்பாவா இருக்குது?"

"ஐயோ மதாமு, இப்பத்தான் ஏரியில புடிச்சது!"

"போடி. பாதி வெலைக்குக் குடு, இல்லாட்டித் தூக்கினு போ."

மீன்காரி கொடுத்துவிட்டுப் போனாள். நான் பேரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த அம்மாள் பேசிய பேரத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

எங்களைப் பார்த்ததும் எழுந்தார். "வாபா. நீ யாரு? தண்ணி குடிக்கிறியா?" என்றார். விழுப்புரத்தில் என்னை முதலாளி என்று கூப்பிடாதவன் கிடையாது. இங்கே எடுத்த எடுப்பிலேயே 'நீ'. பிறகுதான் புரிந்தது: அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர்கள் மீன்காரியும் கீரைக்காரியும். மரியாதை வார்த்தைகள் அந்தப் பாடத்தில் இல்லை. நான் ஊரைச் சொன்னேன், மண்டியைச் சொன்னேன். அவர் பார்வை என்னை விட்டு என் பின்னால் போயிற்று.

"ரஞ்சிதமா?" என்றார்.

என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகப் பின்னால் போனேன்.

துரை குழாய் இறக்குகிற இடத்துக்குப் போயிருந்தார். உட்கார்ந்ததும் என் வேலையைத் தொடங்கினேன். எனக்குச் சாதகமான சாட்சிகள் கண்ணெதிரே இருந்தன. கூரையில் நான்கு ஓடு உடைந்திருந்தது. அம்மாளின் சட்டை முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது. கை இரண்டும் வெடித்துக் கிடந்தன. வேலைக்காரி என்று யாரும் தென்படவில்லை. காபியை அவரே போட்டுக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் ரஞ்சிதம் பார்க்கிறாளா என்று பார்த்தேன். அவள் காபியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய கதையைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். அரண்மனையில் இருந்தவரை ஒரு கதவைக்கூடத் தன் கையால் திறந்ததில்லையாம். பூட்ஸ் பொத்தான் போடக்கூட ஆள். கோடைக்குப் போய்த் தங்கும் மாளிகையில் கிணறு வற்றிப்போக, புதுக் கிணறு போட வந்தவர்தான் இந்தத் துரை. இந்த அம்மாள் வேடிக்கை பார்க்கப் போய்க் கயிற்றின்மேல் நின்றுவிட்டாராம். "'கயித்த மிதிக்காத, அந்தாண்ட போ'ன்னு கத்துனாரு. அதுவரைக்கும் என்னப் பாத்து யாரும் கத்துனது இல்லபா. எனக்கு நல்லா இருந்துச்சு" என்று சொல்லிச் சிரித்தார்.

கட்டிக்கொண்ட அன்றே ராஜகுமாரி என்ற பட்டத்தைப் பெயருக்கு முன்னாலிருந்து எடுத்துவிட்டார்கள். கோயிலில் முன்வரிசை நாற்காலி போயிற்று. முதல் வருஷம் அடுப்பு மூட்டத் தெரியாமல் அழுதிருக்கிறார். பாகூருக்கு வந்த வருஷம் குளிர்க் காய்ச்சலில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்கிறது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பாவம்தான், ஆனால் நான் வந்த காரியம் அப்படி. சமயம் பார்த்துக் கேட்டேன்.

"ஏன்தான் கட்டிக்கிட்டோமோன்னு உங்களுக்கு எப்பவாச்சும் தோணியிருக்குதாம்மா?"

"அவரக் கட்டினதுக்கா? இல்லபா" என்றார், யோசிக்காமலே. பிறகு வெடித்த உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுதான். எங்க அப்பா கல்யாணத்துக்கு வரல."

அவரே சொன்னார்.

"காலையிலேயே எழுந்து நல்ல கோட்டு போட்டுக்கினாராம். வண்டி பூட்டச் சொன்னாராம். வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. இவரு கோட்டோட நாற்காலியில குந்தினு இருந்தாராம். மத்தியானம் ஆச்சு, பொழுதும் போச்சு. ஏறல. அப்புறம் எழுந்து கோட்ட கழட்டிட்டாராம். எங்க அண்ணன்தான் சொன்னான். நான் அங்க வாசலப் பாத்துக்கினே நின்னேன்பா. அதுக்கு அடுத்த வருசம் அவரு செத்துட்டாரு."

ரஞ்சிதம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதட்டியாவது இருப்பேன். எனக்கு எரிச்சலாக வந்தது. முகம் தெரியாத எவனோ ஒரு ராஜா கோட்டோடு உட்கார்ந்திருந்ததற்கு நான் ஏன் கஷ்டப்பட வேண்டும்? மரியாதையைச் செலுத்திவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கூடையை முன்னால் இழுத்துத் துண்டை அவிழ்த்தேன்.

மேலே மல்லிகைப் பூ, பந்து பந்தாக. அதன் கீழே மஞ்சள் கிழங்கு, குங்குமம், இரண்டு தேங்காய், வெற்றிலை பாக்கு, கல்கண்டு, பச்சை ரவிக்கைத் துண்டு. எல்லாம் பித்தளைத் தட்டில் முறையாக அடுக்கி இருந்தது. பழம் ஒரு சீப்பு ஓரத்தில் கிடந்தது. சிப்பாய் எதற்குச் சலாம் வைத்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெண்ணைப் பெற்றவன் இந்தத் தட்டை வைத்து, பிள்ளை வீட்டார் அதை வாங்கிக்கொண்டு, பதில் தட்டைப் பெண்ணைப் பெற்றவன் கையில் கொடுத்து அவனும் வாங்கிக்கொண்டால் நிச்சயம் முடிந்தது. பிறகு பின்வாங்கினவனுக்கு ஊரில் முகம் கிடையாது. நான் ராஜகுமாரிக்குக் கொண்டுபோனது மரியாதைப் பழம். ஆனால் அங்கே இருந்தது நிச்சயத் தட்டு.

மதாம் தட்டைப் பார்த்தார். பட்டுக் கட்டிய பெண்ணைப் பார்த்தார். ஆறு வருஷம் பாகூர்ப் பந்தல்களில் உட்கார்ந்து, சடங்குக்குச் சடங்கு அர்த்தம் கேட்டவர் அவர். ஏழுமலைக்குப் பெற்றவர்கள் இல்லை. சோறு போடுகிறவர் அவர்தான். எழுந்து போய்க் கை கழுவினார். சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டார். திரும்பி வந்து இரண்டு கையாலும் தட்டை எடுத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நீ வந்துட்டியேபா" என்றார். "வண்டி ஏறி வந்துட்டியே."

இது தவறு, நான் கொண்டுவந்தது வெறும் பழம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அவர் அதற்குள் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்து வெற்றிலை வாங்கி, பீங்கான் தட்டு ஒன்றில் வெற்றிலை பாக்கு, சர்க்கரை, என் வீட்டு வாழைப்பழத்திலேயே பாதி என்று வைத்து, என் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். வேலியோரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். குப்புசாமி வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தான். ரஞ்சிதம் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருவிழாக் கூட்டத்தில் என்னைத் தவறவிட்டுவிட்டு இப்படித்தான் பாவாடையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

கை தானாக நீண்டது என்று கதை விடமாட்டேன். நான்தான் நீட்டினேன். தட்டை வாங்கிக்கொண்டேன்.

ஏழுமலை வேலை நடக்கிற இடத்திலிருந்து ஓடிவந்தான். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். தலை முதல் கால் வரை சேறு. காலில் விழ வந்தான். "மொதல்ல போயிக் குளிடா" என்றேன். அதுதான் என் மாப்பிள்ளையிடம் நான் சொன்ன முதல் ஆசீர்வாதம்.

விரால் குழம்பு சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல். மாலை வண்டியில் திரும்பினோம். ஊர் வந்து சேர இருட்டிவிட்டது. என் மனைவி வாசலில் ஆரத்தி கரைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, மாத்தியாச்சா?" என்றாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சியாடி?"

"நீங்க பாட்டுக்குப் பழம்னீங்க. நான் பாட்டுக்கு எடுத்து வெச்சேன். ஆறு வருசமா பாகூர்ல இருக்கிற அம்மாவுக்கு, தட்டப் பாத்தாத் தெரியாதா?" என்று சொல்லி மகள் நெற்றியில் பொட்டு வைத்தாள். இரண்டு மாதம் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அன்று இரவு நிறையப் பேசினாள்.

போகிறவர்களுக்கு என் யோசனை. வெள்ளிக்கிழமை போகாதீர்கள், துரைக்குக் கூலி கொடுக்கிற நாள், மதாமுக்குப் பேச நேரம் இருக்காது. குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போக வேண்டியதில்லை; அந்தக் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் அமிர்தம். ஆற்றில் வெள்ளம் வரும் மாதங்களில் வண்டி இறங்காது, மாசிக்குப் பிறகு வெயில் தாங்காது, தை மாதமே நல்லது. 'நீ' என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கிளம்புமுன் கூடைத் துண்டை விலக்கி ஒரு தரம் பார்த்துவிடுங்கள். கல்யாண வயதில் மகள் இருந்தால் பார்க்காமலேயே கிளம்புங்கள்.

எங்கள் ஜனத்தில் கல்யாணம் மாப்பிள்ளை ஊர்ப் பக்கத்தில்தான் நடக்கும். வைகாசியில் வில்லியனூர்ப் பெரிய கோயிலில் வைத்திருக்கிறோம். பிள்ளை வீட்டுக்காரியாக மதாம் மணையோரம் உட்காரப் போகிறார். கோட்டு போடுவது எங்கள் வழக்கத்தில் கிடையாது, வெயிலில் வெந்து சாவேன் என்று தையற்காரன்கூடச் சிரிக்கிறான். ஆனாலும் நான் ஒரு கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறேன். அன்று காலையில் அதைப் போட்டுக்கொண்டு, வாசலில் வண்டி வந்து நின்றதும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்வேன்.